தராசு என்றால் அங்கேயும் தராசுதான்

ஈரானில், இஸ்ஃபஹான் பஜாரில் ஒரு குங்குமப்பூக் கடை. நிறுப்பதற்கு எலக்ட்ரானிக் மெஷின் இருந்தது. ஆனால் அதற்கு மேலே, அழகுக்காக, இரண்டு பித்தளைத் தட்டுகளோடு பழைய காலத்து ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார் கடைக்காரர். அக்கா அதைக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று சைகையில் கேட்டாள். “தராஸூ” என்றார். அக்கா என் முழங்கையைப் பிடித்து, “நம்ம தராசுடீ!” என்றாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். தராசு, சால்வை, வாபஸ், பந்தோபஸ்து எல்லாம் பாரசீகத்திலிருந்து வந்தவை என்று அவளுக்கு ஏட்டளவில் தெரியும். ஆர்க்காட்டு நவாப் காலத்தில் ஆட்சி மொழியே அதுதானே. தெரிந்திருப்பது வேறு, ஒரு கடைக்காரர் வாயிலிருந்து கேட்பது வேறு. அந்த உற்சாகத்தில் பேரம் பேசவும் இறங்கிவிட்டாள். “கம்மி, கம்மி” என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, நிறுத்து வைத்திருந்த குங்குமப்பூவில் பாதியைத் திரும்ப டப்பாவில் போட்டார். பாரசீகத்தில் ‘கமீ’ என்றால் ‘கொஞ்சம்’. கொஞ்சம் போதும் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டார் மனிதர்.

2018 அக்டோபரில் பதினாறு பேராகப் போனோம். சென்னையிலிருந்து துபாய் வழியாக டெஹ்ரான். அங்கிருந்து காஷான், இஸ்ஃபஹான், யஸ்த், ஷிராஸ் என்று தெற்கே இறங்கும் பத்து நாள் குழுச் சுற்றுலா. குழுவோடு போவதில் எனக்குப் பெரிய பிரியம் கிடையாது. ஆனால் ஈரானில் நம் டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு எதுவும் வேலை செய்யாது. பொருளாதாரத் தடைகள். மொத்தப் பணத்தையும் டாலராகக் கையில் கொண்டுபோக வேண்டும். அறுபது தாண்டிய அக்காவை வைத்துக்கொண்டு அந்தச் சாகசம் வேண்டாம் என்று பட்டது. அந்த வருஷம் ரியால் வேறு தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தது. நூறு டாலர் மாற்றினால் ஒரு கோடிக்கு மேல் ரியால் வந்தது. அதிலும் ஒரு குழப்பம். நோட்டில் அச்சடித்திருப்பது ரியால், கடையில் சொல்வது தூமான். பத்து ரியால் ஒரு தூமான். முதல் இரண்டு நாள் ஒரு பூஜ்யத்தைச் சேர்ப்பதா நீக்குவதா என்று திணறினோம்.

விமானம் தரையைத் தொட்டதுமே பெண்கள் எல்லோரும் தலையில் துணி போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு அது பத்து நாளும் நழுவிக்கொண்டே இருந்தது. ஷிராஸைச் சேர்ந்த எங்கள் வழிகாட்டிப் பெண்ணுக்கு முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் தலைத்துணியும் பின்னுச்சியில் ஏதோ ஒப்புக்குத்தான் நின்றது. “விழுந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்” என்றாள்.

டெஹ்ரானைப் பற்றி எழுத அதிகம் இல்லை. போக்குவரத்து நெரிசல், அருங்காட்சியகம், கோலெஸ்தான் அரண்மனையின் கண்ணாடிச் சில்லு வேலை, மறுபடி நெரிசல். காஷானில் ஃபின் தோட்டம் குளுமையாக இருந்தது. நீல ஓடு பதித்த வாய்க்காலில் ஓயாமல் நீர் ஓடுகிறது. அதே தோட்டத்துக் குளியலறையில்தான் 1852-இல் அமீர் கபீர் என்ற சீர்திருத்த அமைச்சரை மன்னரின் ஆணைப்படி கொன்றார்கள்.

சாப்பாட்டைச் சொல்லாமல் போகக்கூடாது. குழுவில் பாதிப் பேர் சைவம். இறைச்சி வேண்டாம் என்றால் கோழி வைத்தார்கள். அங்கே இறைச்சி என்றால் ஆடு, மாடு. கோழி அந்தக் கணக்கில் வராது போல. இரண்டாம் நாள் கோயம்புத்தூர்த் தம்பதி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெள்ளைச் சோறு, அதோடு ‘மாஸ்த்’. மாஸ்த் என்றால் தயிர், கெட்டியான அருமையான தயிர். அன்றிலிருந்து மதியம் ஆனால் எங்கள் மேஜையில் பத்துப் பேர் கையால் தயிர்சாதம் பிசைவதைப் பரிமாறுபவர்கள் தூண் மறைவிலிருந்து பார்த்தார்கள். ஒரு நாள் பானையின் அடியில் முறுகிய சோற்றைப் பெயர்த்துத் தனித் தட்டில் கொண்டுவந்து, ஏதோ பரிசு தருவதுபோல நடுவில் வைத்தார்கள். ‘தஹ்திக்’. விருந்தாளிக்குத்தான் முதலில் தருவார்களாம். “காந்தல்!” என்றாள் அக்கா. எங்கள் வீட்டில் காந்தலுக்கு நாங்கள் போட்ட சண்டை கொஞ்சமா! பானையைச் சுரண்டும் சத்தம் கேட்டாலே ஓடுவோம். இங்கே குங்குமப்பூவும் வெண்ணெயும் சேர்த்து, வேண்டுமென்றே அடிப்பிடிக்க வைக்கிறார்கள். உணவகத்தில் ஆர்டர் கொடுப்பதற்குப் பெயர் ‘செஃபாரெஷ்’ என்று தெரிந்ததும், “சிபாரிசு இல்லாமல் இந்த ஊரில் சோறு கிடைக்காது” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இஸ்ஃபஹானில் எல்லோரும் போகும் இடம் நக்ஷே ஜஹான் சதுக்கம். முதலாம் ஷா அப்பாஸ் தன் தலைநகரை இங்கே மாற்றிய காலத்தில் கட்டியது. நீளம் 560 மீட்டர், அகலம் 160 மீட்டர். அன்று போலோ ஆடிய கல் கம்பங்கள் இரு முனையிலும் இன்னும் நிற்கின்றன. கிழக்குப் பக்கம் ஷேக் லுத்ஃபுல்லா மசூதி. ஸ்தூபியும் கிடையாது, முற்றமும் கிடையாது. இருண்ட நடை ஒன்று வளைந்து போய், சட்டென்று குவிமாடத்துக்குக் கீழே விடும். ஜன்னல் வழியாக வரும் வெயில் உச்சியில் உள்ள ஓட்டு வேலைப்பாட்டில் விழுந்து மயில் தோகைபோல நீண்டு கிடக்கும். அது காட்டித்தான் தெரியும், தெரிந்த பிறகு வேறெதுவும் கண்ணில் படாது. ஜாயந்தே நதியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. முப்பத்து மூன்று வளைவுப் பாலத்துக்குக் கீழே வெடித்துக் கிடந்த மண்ணில் பையன்கள் சைக்கிள் ஓட்டினார்கள். காவிரியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

நதிக்குத் தெற்கே புதிய ஜுல்ஃபா. அரஸ் நதிக்கரையில் இருந்த ஆர்மீனியர்களை ஷா அப்பாஸ் 1600-களின் தொடக்கத்தில் பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றிய பகுதி. பட்டு வியாபாரம் அவர்கள் கையில்தான். வாங்க் தேவாலயம் வெளியிலிருந்து மசூதி மாதிரி குவிமாடம், மேலே பொடிச் சிலுவை. உள்ளே சுவரின் கீழ்ப்பாதி பாரசீக ஓடு, மேல்பாதி முழுக்க விவிலிய ஓவியம். நரகக் காட்சியை மட்டும் ஓவியர் ரசித்து ரசித்து வரைந்திருக்கிறார்.

இந்த ஊர்க்காரர்தான் கோஜா பெத்ருஸ் உஸ்கான். மதராசுக்கு வந்து பெரும் வணிகரானவர். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு மேல் மர்மலாங் பாலத்தைத் தன் சொந்தச் செலவில் கட்டியவர். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் உபயம்தான். 1751-இல் சென்னையில் இறந்தார். உடலை வேப்பேரியில் புதைத்தார்கள், இதயத்தை மட்டும் அவர் விருப்பப்படி ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794-இல் வெளிவந்ததும் சென்னையில்தான். நடத்திய பாதிரியார் ஷிராஸில் பிறந்தவர். நம் ஆட்கள் ஆர்மீனியன் தெருவை அரண்மனைக்காரன் தெரு ஆக்கி அவர்களுக்குப் பட்டமே கட்டிவிட்டார்கள். இதையெல்லாம் தேவாலய முற்றத்தில் வைத்து வழிகாட்டிக்கு நாங்கள் சொன்னோம். அந்தப் பயணத்திலேயே அவள் குறிப்பெடுத்தது அந்த ஒரு தடவைதான். அக்கா சைதாப்பேட்டையில்தான் இருக்கிறாள். “தினம் அந்த ஆத்தைத் தாண்டிப் போறேன், ஒரு நாள் கூட நினைச்சதில்லையே” என்று பஸ்ஸில் ஏறும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

யஸ்த் பாலைவன ஊர். எல்லாமே மண் நிறம். வீட்டுக்கு வீடு மாடிமேல் காற்றுப் பிடிக்கும் கோபுரம். தவ்லதாபாத் தோட்டத்தில் இருப்பது 33 மீட்டர் உயரம். அதன் அடியில் நின்றபோது ஃபேன் போட்டதுபோல முகத்தில் அடித்தது. நம் ஊர்ப் பார்சிகளின் மதத்தவரான ஜொராஸ்டிரியர்களின் கோயிலில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நெருப்பு. கி.பி. 470-இலிருந்து அணையாமல் காக்கப்படுவதாகச் சொல்கிறார்கள். நெருப்பு பழசு, கட்டடம் 1934-இல் இந்தியப் பார்சிகள் கொடுத்த பணத்தில் எழும்பியது.

ஆனால் யஸ்தில் எங்களைக் கட்டிப்போட்டது தண்ணீர் அருங்காட்சியகம். மலையடிவாரத்து நிலத்தடி நீரை, லேசான சரிவில் தோண்டிய சுரங்கம் வழியாக மைல் கணக்கில் ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். பம்பு கிடையாது, வெயிலில் ஆவியாவதும் கிடையாது. ‘கனாத்’ என்று பெயர். வந்த தண்ணீரை எப்படிப் பங்கு போடுவது? அதற்கு ஒரு செம்புக் கிண்ணம், அடியில் ஊசித் துளை. பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்ல நிரம்பி மூழ்கும். ஒரு முழுக்கு ஒரு கணக்கு. உன் வயலுக்கு இத்தனை கிண்ணம், என் வயலுக்கு இத்தனை கிண்ணம். இரவும் பகலும் ஒருவர் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருப்பாராம்.

“நாழிகை வட்டில்” என்றாள் அக்கா உடனே. “முல்லைப்பாட்டுல குறுநீர்க் கன்னல்னு வருமே, அது.” வழிகாட்டி அந்தக் கிண்ணத்தின் பெயரைச் சொன்னாள்: “பெங்கான்.” அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “பீங்கான்” என்றாள். அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பாரசீக மூலம் என்று போட்டிருப்பது அவளுக்கு நினைவு இருந்தது. நம் ஊரில் தட்டும் கோப்பையுமாகிவிட்ட சொல், இங்கே அடியில் ஓட்டையோடு ஒரு ஊரின் வாய்க்கால் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் ‘தெர்மே’ துணிக்கடை. விரித்த துணி முழுக்க மாங்காய் டிசைன். எங்கள் கல்யாணப் பட்டில் இருந்த அதே மாங்காய். கடைக்காரரிடம் மாங்காய் என்றதும் அவர் சிரித்துவிட்டார். அவர் ஊரில் மாமரமே இல்லை. காற்றில் தலை சாய்ந்த சைப்ரஸ் மரம் அது என்றார். மறுநாள் வழியில் அபர்கூ என்ற இடத்தில் நாலாயிரம் வருஷப் பழசு என்று சொல்லப்படும் ஒரு சைப்ரஸைக் காட்டினார்கள். அண்ணாந்து பார்த்தோம். அடி பருத்து மேலே குவிந்து, ஆமாம், முனையை லேசாக வளைத்தால் மாங்காய்தான்.

இங்கே ஒரு புலம்பல். அன்று காலை யஸ்தை விட்டுக் கிளம்புமுன் சுற்றுலா நிறுவனம் எங்களை ஒரு கம்பளக் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தது. தேநீர் வந்தது, கம்பளம் வந்தது, மறுபடி தேநீர் வந்தது. ஒருவரும் வாங்கவில்லை. விளைவு, பசர்காதேயில் பழைய பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸின் கல்லறைக்கு இருபது நிமிஷம். அந்தப் பேரரசின் அரண்மனை நகரமான பெர்சபோலிஸில் வாசல் மூட ஒரு மணி நேரம் இருக்கும்போது போய் இறங்கினோம். எந்த இடத்துக்காக இந்தப் பயணத்துக்கே பேர் கொடுத்தோமோ, அதில் ஓட்டமாக ஓடினோம்.

அக்கா விடவில்லை. மறுநாள் ஷிராஸில் மற்றவர்கள் இளஞ்சிவப்பு மசூதிக்குப் போக, நாங்கள் இரண்டு பேரும் டாக்ஸி பிடித்து அறுபது கிலோமீட்டர் திரும்பப் போனோம்.

பெர்சபோலிஸ், பேரரசர் தாரியஸ் கி.மு. 518 வாக்கில் கட்டத் தொடங்கியது, அலெக்சாண்டர் ஆட்கள் கி.மு. 330-இல் எரித்தது. அபதானா மண்டபத்தின் 72 தூண்களில் 13 நிற்கின்றன. நாங்கள் தூண்களை விட்டுவிட்டுக் கிழக்குப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டோம். பேரரசின் இருபத்து மூன்று நாட்டுக்காரர்கள் காணிக்கையோடு வரிசையில் வருகிறார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் நடுவில் ஒரு சைப்ரஸ் மரம். ஒவ்வொரு கூட்டத்தின் தலைவரையும் ஒரு அரண்மனைக்காரர் கைப்பிடித்து அழைத்து வருகிறார். அடிமைகளை இழுத்து வரும் காட்சி ஒன்றுகூட இல்லை. சிந்துக்கரையிலிருந்து வந்த இந்தியர்களையும் கண்டுபிடித்தோம். தலைவர் மேல்துண்டு போர்த்தியிருக்கிறார். பின்னால் வருபவர் இடுப்பு வேட்டியோடு, வெறுங்காலில், தோளில் காவடித்தண்டு. இரண்டு பக்கமும் கூடை, அதில் கட்டிய பைகள். பொற்பொடி என்கிறார்கள். நம் தெற்குக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் அந்தத் தண்டின் வளைவைப் பார்த்தால் பால்காவடி எடுத்த யாருக்கும் தோள் வலிக்கும்.

இங்கே 1933-இல் ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகள் கிடைத்தன. பெரும்பாலும் கூலிக் கணக்கு. பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கூடுதல் படி கொடுத்திருக்கிறார்கள். ஆண் பிள்ளை என்றால் பெண் பிள்ளைக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு. “அங்கேயுமா” என்றாள் அக்கா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஹோட்டல் வாசலில் இறங்கி டிரைவரிடம் பணத்தை நீட்டினோம். நெஞ்சில் கை வைத்து, “காபெல் நதாரே” என்றார். வேண்டாம் என்பது புரிந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “என்ன மனுஷன்!” என்று அவர் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். நானும் பின்னாலேயே. டிரைவர் திகைத்து நிற்க, ஹோட்டல்காரர் ஓடி வந்து விளக்கினார். இது ‘தாரோஃப்’. உபசாரப் பேச்சு. அவர் வேண்டாம் என்பார், நாம் வற்புறுத்த வேண்டும், மறுபடி வேண்டாம் என்பார், மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வார். முதல் நாள் பஸ்ஸிலேயே வழிகாட்டி இதைச் சொன்னாளாம். நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். பணத்தோடு திரும்ப ஓடிப்போய், இரண்டு தடவை அவர் மறுக்க, ஒருவழியாகக் கையில் திணித்தோம். யோசித்தால் நம் வீட்டில் மட்டும் என்ன? “காப்பி சாப்பிடுறீங்களா?” “ஐயோ, இப்பத்தான் குடிச்சேன்.” முதல் பதிலை நம்பி உள்ளே போய்விட்டால் உறவே முறிந்துவிடும்.

கடைசி மாலை பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் சமாதி. எட்டுத் தூண் மண்டபத்துக்குக் கீழே பளிங்குக் கல்லில் விரல் வைத்து மாணவர்களும் பாட்டிகளும் முணுமுணுக்கிறார்கள். மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு அவர் நூலைப் பிரித்தால் வருகிற பாட்டுத்தான் பதில். வழிகாட்டி அக்காவுக்காகப் பிரித்து, ராகம்போல வாசித்தாள். என்ன நினைத்தாய் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். வெளியே வந்து எலுமிச்சைச் சாறு பிழிந்த ஃபாலூதே சாப்பிட்டோம். பனிக்கட்டியில் சேமியா, பன்னீர் வாசனை. நம்ம ஊர் ஃபலூடாவின் பாட்டி.

விடியற்காலை விமான நிலையத்தில் வழிகாட்டிக்குக் குழுவாகச் சேர்த்த பணத்தை அக்கா ஒரு கவரில் போட்டு நீட்டினாள். அவள் நெஞ்சில் கை வைத்து, “காபெல் நதாரே” என்றாள். அக்கா அசையவில்லை. மறுபடி நீட்டினாள். மறுபடி வேண்டாம். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்து, இரண்டு விரலைக் காட்டினாள். மூன்றாம் தடவை நீட்டியபோது அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.