இட்டியாபாவும் சபாவும்

நைஜீரியாவின் தென்கிழக்கில், க்ராஸ் ரிவர் மாநிலத்தின் காலபார் நகரத்து மொழி எஃபிக். அதில் ஏழுக்கு 'இட்டியாபா'. சுவாஹிலியில் ஏழுக்கு 'சபா'. இரண்டுமே நைஜர்-காங்கோ குடும்ப மொழிகள். பொருளும் ஒன்று, வாலும் ஒன்று. உறவுச் சொற்கள், அதாவது ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை, என்று குறித்துக்கொள்ளக் கை துறுதுறுக்கும். குறித்தால் தப்பு. சபா அரபியிலிருந்து சுவாஹிலிக்கு வந்த கடன். ஆறு (சிதா), ஒன்பது (திசா) ஆகியவையும் அப்படியே. இட்டியாபாவோ வீட்டுக்குள்ளேயே கட்டியது: ஐந்து 'இட்டியோன்', இரண்டு 'இபா'. இரண்டும் சேர்ந்து ஏழு.

(இங்கே 'ட்ட' என்று எழுதுவது டகரத்தை மென்மையாக வாசித்துவிடாமல் இருப்பதற்காகத்தான். எஃபிக்கில் அங்கே இரட்டிப்பு இல்லை.)

மொழிகளின் உறவைப் பார்க்கச் சொற்பட்டியல் போட்டு ஒப்பிடுவதுண்டு. அதற்கு எண்களில் உகந்தவை இரண்டு, மூன்று, நான்கு. எஃபிக்கில் இபா, இட்டா, இனாங். நைஜீரியாவின் இன்னொரு மொழியான இக்போவில் அபுஓ, அட்டோ, அனோ. சுவாஹிலியில் ம்பிலி, டாட்டு, ன்னே. அதே நாட்டு யொருபாவில் மூன்று 'மேட்டா'. முதல் உயிரையோ மகரத்தையோ கழற்றிவிட்டுப் பார்த்தால் மூன்றில் 'ட்', நான்கில் 'ன்' எல்லா இடத்திலும் நிற்கிறது. ஐந்துக்கு மேல் போனால் நிலைமை மாறும். எஃபிக்கில் ஆறு முதல் எட்டு வரை ஐந்தோடு கூட்டல். ஒன்பது 'உசுக்கியெட்', 'கியெட்' என்றால் ஒன்று, 'உசுக்' என்றால் மிச்சம். பத்துக்கு ஒன்று மிச்சம். நம் ஒன்பதுக்கும் பத்தோடுதானே கணக்கு! இப்படிக் கூட்டிக் கட்டிய எண்ணைத் தனிச் சொல்லாகப் பட்டியலில் ஏற்றினால், ஒரே வேரை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

பெரிய எண்கள் இன்னும் சுவை. கணக்கின் அடிப்படை இருபது. இருபது 'எடிப்', நாற்பது 'அபா', அறுபது 'அட்டா', எண்பது 'அனாங்'. இபா, இட்டா, இனாங் ஆகியவற்றின் முன்னுயிர் இகரத்திலிருந்து அகரமானதும் இருபதால் பெருக்கியாயிற்று. பதினைந்துக்குத் தனிச் சொல் உண்டு: 'எஃபுட்'. பதினாறு 'எஃபுரெகியெட்'. சொல் இறுதியில் நிற்கும் 'ட்' இரண்டு உயிர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் 'ர்' போல ஒலிக்கும். இது தெரியாதவர் எஃபுட்டையும் எஃபுரெவையும் வேறு வேறு வேர் என்று எழுதிவைப்பார்.

எண்களைத் தாண்டினால் இறைச்சிதான் நல்ல எடுத்துக்காட்டு: எஃபிக் 'உனம்', இக்போ 'அனு', சுவாஹிலி 'ன்யாமா'. நாய் 'எபுவா', சுவாஹிலியில் 'ம்ப்வா'. ஆடு 'எபொட்', அங்கே 'ம்பூசி'. மரம் 'எட்டோ', அங்கே 'ம்தி'. பெயர்ச்சொல்லின் தொடக்கத்தில் ஒட்டியிருக்கும் உயிர் ஒரு பழைய முன்னொட்டின் எச்சம். சுவாஹிலி அடங்கிய பான்டு மொழிகளில் அது இன்னும் பெயர்ச்சொல்லின் வகை காட்டும் உறுப்பாக உயிரோடு இருக்கிறது. அதை நீக்காமல் முதல் எழுத்தோடு முதல் எழுத்தைப் பொருத்தினால் ஒன்றும் தேறாது.

காது வேறு பாடம். எஃபிக் 'உட்டோங்', இக்போ 'ன்தி', யொருபா 'எத்தி', சுவாஹிலியில் 'சிக்கியோ'. அது 'கேள்' என்ற வினையோடு சேர்ந்த சொல். பழைய வேர் அங்கே இடம் இழந்துவிட்டது. ஆகவே பான்டு பக்கத்துக்குச் சுவாஹிலி ஒன்றையே சாட்சி வைக்கக் கூடாது. அடுத்து ஹவுசா. அதுவும் நைஜீரியாவில்தான் பேசப்படுகிறது. ஆனால் ஆப்பிரிக்க-ஆசியக் குடும்பம். அதன் இரண்டு 'பியூ', இபாவில் இருக்கும் அதே பகரத்தோடு. வெறும் தற்செயல்.

இபிபியோ, அன்னாங் என்ற அண்டை மொழிகள் எஃபிக்குக்கு மிக நெருங்கியவை. இபிபியோ எண்கள் ஏறக்குறைய அதேதான். ஒன்றுக்கான சொல் மட்டும் 'கேட்' என்று நீளும். நெடில்-குறில் வேறுபாட்டை இபிபியோ காக்கிறது. தண்ணீர் எஃபிக்கில் 'ம்மொங்', இபிபியோவில் 'ம்மோங்'. இந்த இரு மொழிகளை ஒப்பிடும்போது தொல்லை ஒற்றுமை குறைவதில் இல்லை, கூடுவதில்தான். எஃபிக் முழு பைபிள் 1868இல் வந்தது. அதன் பின் இபிபியோ பகுதிகளிலும் பள்ளி மொழியாக, தேவாலய மொழியாக எஃபிக் நீண்ட காலம் இருந்தது. 'உஃபோக் ங்வெட்' (நூல் வீடு, அதாவது பள்ளி) போன்ற, அப்படிக் கடனாகப் போயிருக்கக்கூடிய சொற்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். உடல் உறுப்பு, தண்ணீர், தீ, உண், சா, இவை போதும்.

சுரம், அதாவது பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கம், குறிக்காத பட்டியலை நான் நம்புவதில்லை. 'அக்பா' என்று மட்டும் எழுதினால் நதியா, முதலாவதா என்று தெரியாது, சுரம்தான் பிரிக்கிறது. உயர்வு, தாழ்வு, ஒரு படி இறங்கிய உயர்வு என மூன்றும் எஃபிக்கில் உண்டு. ஒலியியலாளர் ஐடா வார்ட் 1933இலேயே எஃபிக் சுரங்களை விரிவாக ஆராய்ந்து எழுதிவிட்டார். சொல்லைத் தனியாகச் சொல்லச் சொல்லி ஒரு முறை, வாக்கியத்துக்குள் வைத்து ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். இறங்கு படி பெரும்பாலும் இரண்டாவதில்தான் காதில் விழும்.