சுவரோரம் காத்திருந்த குடம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து இரண்டு நாள் ஆன பின்பும், வடசென்னையின் வியாசர்பாடியில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. தெருமுனைக்கு மெட்ரோ வாட்டர் லாரி வந்ததும் எல்லோரும் முண்டியடித்தபோது, காய்கறிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு குழாயைக் கையில் பிடித்து, கைக்குழந்தை உள்ள வீடுகளையும் நடமாட முடியாத முதியவர்களின் வீடுகளையும் ஒவ்வொன்றாக அழைத்து, அவர்களுடைய குடங்களை முதலில் நிரப்பினார். அவருடைய பச்சை பிளாஸ்டிக் குடம் சுவரோரம் காலியாகவே இருந்தது.

“உங்க குடத்தையும் வைங்கக்கா” என்றேன்.

“இருப்பா, மாடி வீட்டுப் பாட்டிக்கு இன்னும் போகல.”

எந்தப் பதவியிலும் இல்லாத அவருடைய சொல்லை அன்று ஒருவரும் மறுக்கவில்லை. தனக்கென்று அவர் எதையும் ஒதுக்கிக்கொள்ளவில்லை என்பதைத் தெருவே கண்ணால் கண்டது. தலைமைக்கு அதைவிடப் பெரிய தகுதி இருப்பதாக நான் நினைக்கவில்லை.

வடசென்னை இத்தகையவர்களை முன்பும் கண்டிருக்கிறது. தொழிலாளர் தலைவர் ம. சிங்காரவேலர் ஒத்துழையாமை இயக்கத்தின்போது வழக்கறிஞர் தொழிலையே துறந்து, 1921-இல் பெரம்பூர் பி அண்ட் சி துணி ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்குத் துணையாக நின்றார். அந்தப் போராட்டம் தோற்றது. ஆயினும் அவர் தொழிலாளர்களை விட்டு விலகவில்லை. 1923 மே 1 அன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தினார்.

அக்காவுக்குக் கடைசியில் கிடைத்தது அரைக்குடம். அதிலிருந்தும் ஒரு சொம்பு மொண்டு, முதலில் லாரி ஓட்டுநரிடம் குடிக்க நீட்டினார்.