சால்கெஷில் ஒரு காகம்

இனிப் புரட்டாதிச் சனியில் ஒருவரையும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வழக்கம் போல ஒருவரும் காதில் வாங்கவில்லை.

திட்டம் என்னுடையது இல்லை. மாமா வந்து ஆறு கிழமையாகியும் அவர் பார்த்த சுவிஸ் என்பது மிக்ரோ கடை, கோப் கடை, ஐரோப்பாபிளாட்ஸ் கோயில், திரும்பவும் மிக்ரோ. "அப்பாவுக்கு ஒரு மலை கூடக் காட்டேல்லை நீங்கள்" என்று இவள் தொடங்கினாள். வானம் வெளித்தால் பல்கனியில் நின்றே யுங்ஃப்ராவ் தெரிகிறதே என்றேன். அந்த ஒரு வசனத்துக்காக மூன்று நாள் கறியில் உறைப்பு இல்லை. கடைசியில் வாலிஸ் போவதென்று முடிவானது. மாமா உரும்பிராயில் முந்திரிகைத் தோட்டம் செய்தவர். வாலிஸ் பள்ளத்தாக்கு முழுக்க முந்திரிகை. மலையும் இருக்கிறது. ஒரே பெற்றோல் செலவில் இரண்டு காரியம்.

(தமிழ்நாட்டு நண்பர்கள் முந்திரி என்றதும் பாயசத்தை நினைக்க வேண்டாம். அது எங்களுக்குக் கசுக்கொட்டை. முந்திரிகை என்றால் திராட்சை. இதற்காகப் போன வருடமும் ஒருமுறை சண்டை பிடித்துவிட்டோம், போதும்.)

சுவிசின் முந்திரிகைத் தோட்டங்களில் மூன்றில் ஒரு பங்கு வாலிஸில்தான். பெரும்பாலும் எல்லாம் வைனுக்கு. சுவிஸ் வைன் நாட்டைவிட்டு வெளியே போவது நூற்றுக்கு இரண்டு கூடத் தேறாது, மிச்சத்தைத் தாங்களே குடித்து முடிக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குப் புறப்பட்ட எங்கள் காரில் ஆர் ஆர்? கார் ஓட்டுவதால் குடிக்க ஏலாத நான். இருபது வருடமாகக் குசினியில் ஃபொண்டான் என்ற வாலிஸ் வைன் போத்தலைக் கவிழ்த்து ஃபொண்டூச் சீஸ் சட்டிக்குள் ஊற்றுகிறவன், ஒருநாள் ஊற்று எங்கே என்று பார்க்கப் போகும்போது கையில் ஸ்டியரிங். பக்கத்தில் வைன் மணத்துக்கே தலையிடிக்கிற இவள். பின்னால் சனி விரதம் பிடிக்கிற மாமா, பதினொரு வயதுச் சின்னவன், மூத்தவள். மூத்தவள் மட்டும், "எனக்கு 17. இஞ்ச வைனுக்கு 16 காணும், சட்டப்படி" என்றாள். காருக்குள் ஒரு சத்தமில்லை.

"பிள்ளை என்ன சொல்லுது?" என்றார் மாமா.

"பள்ளிக்கூடத்தில சட்டம் படிக்கினமாம் மாமா."

"நல்லது. அப்புக்காத்தா வரட்டும்."

காண்டர்ஷ்டெக்கில் காரை ரயிலில் ஏற்றினோம். 1913இல் திறந்த சுரங்கம், பதினாலரைக் கிலோமீற்றர், கும்மிருட்டு. கொஞ்ச நேரம் "முருகா, முருகா" என்று மட்டும் கேட்டது. பிறகு மாமா மெல்லக் கணக்கெடுத்தார். "அப்ப நாங்கள் காருக்குள்ள. கார் ரயிலுக்கு மேல. ரயில் மலைக்குள்ள."

"ஓம் மாமா."

"பேந்து ஏன் தம்பி நீங்கள் இன்னும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்?"

மறுபக்கம் வெளியே வந்தால் வேறு உலகம். பேர்ணில் விடியற்காலை தூறிய மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இரண்டு கரையிலும் மலை மறிப்பதால் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் யாழ்ப்பாணத்தில் பெய்வதில் பாதிதான் பெய்யும். அதனால் மேலே பனிமலை உருகுகிற தண்ணீரை நூற்றாண்டுக் கணக்காக வாய்க்கால் வெட்டி இறக்குகிறார்கள். செங்குத்துப் பாறை குறுக்கிட்டால் மரப்பீலியைப் பாறையிலேயே தொங்கவிட்டு அதற்குள்ளால் ஓட விடுவார்கள். முதல் நாள் இரவு படித்து வைத்ததை எல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போக, மாமா ஒரே கேள்வியில் விஷயத்துக்கு வந்தார். "முறைத்தண்ணி ஆர் பிரிக்கிறது?" முந்தி மரத்துண்டில் வெட்டுப் போட்டு, இன்னாருக்கு இத்தனை மணித்தியாலம் என்று கணக்கு வைத்தார்களாம் என்றேன். "அப்ப அடிபிடியும் இருந்திருக்கும்" என்று சாய்ந்து உட்கார்ந்தார். வாலிஸ் அவருக்குப் பிடிக்கத் தொடங்கிவிட்டது.

சால்கெஷ் சின்ன ஊர். பக்கத்தில் ராஸ்பீ என்று ஓர் ஓடை, அதற்கு அங்கால் பிரெஞ்சு, இங்கால் ஜெர்மன். ஊருக்குள் கடைத்தெரு எங்கே என்று தேடினால் நிலவறைதான் வரும். வீட்டுக்கு வீடு வைன் நிலவறை. ஊரைச் சுற்றி மலையேறுகிற தோட்டம், படிப்படியாகக் கல்மதில், சீமெந்தே வைக்காமல் அடுக்கியது. பிள்ளைகளுக்குப் பிரித்து, பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்து, சில துண்டில் எங்கள் காரை நிறுத்தினால் கதவு திறக்க இடம் இருக்காது. மாமா ஒவ்வொரு துண்டையும் கண்ணாலேயே பரப்புக் கணக்கில் அளந்துகொண்டு வந்தார்.

ஆனால் ஒரு விஷயத்தை அவரால் மன்னிக்க முடியவில்லை. "பந்தல் எங்க?"

பந்தல் இல்லை. இடுப்பளவு உயரத்தில் தடியும் கம்பியும்.

"முந்திரிகையைப் பயத்தங்கொடி மாதிரிக் கட்டி வச்சிருக்கிறாங்கள்."

1988இல் இந்த ஊரவர்தான் வாலிஸில் முதன்முதலில் தங்கள் பினோ நுவார் சிவப்பு வைனுக்குக் கிராண்ட் க்ரூ என்ற உயர்தரப் பெயர் கொடுக்க விதி எழுதினார்கள், அந்தப் பெயர் வேண்டும் என்றால் கொடியில் இவ்வளவுக்கு மேல் காய்க்க விடக்கூடாது என்றேன். மாமா நின்றுவிட்டார். "காய்க்கிறதைக் குறைக்கவோ சட்டம்?" நடந்து வருகிற வழியெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். உரும்பிராயில் வருடத்துக்கு இரண்டு தரம் வெட்டி, இரண்டு தரம் பழம் பறித்த மனுசன்.

மத்தியானம் ஆனது. இவளும் மூத்தவளும் கழிப்பறை தேடி ஊருக்குள் போய்விட்டார்கள். (ஒரு மணித்தியாலம் கழித்து வந்தபோது மூத்தவளின் முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. வெயில் என்றாள். நான் கேட்கவில்லை.) மாமா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். வாழையிலைத் துண்டு, சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, எள்ளுருண்டை. எல்லாம் பேர்ணில் இருந்து வந்தது. வராதது ஒன்றுதான்.

"தம்பி, காகம்?"

புரட்டாதிச் சனியில் காகத்துக்கு வைக்காமல் அவர் வாயில் வைக்க மாட்டார். அறுபது வருடத்தில் ஒருதரமும் தவறவில்லையாம். இடம்பெயர்ந்து ஓடின வருடமும் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் அரைவயிறு சாப்பிட்டாராம். அப்படிப்பட்டவரிடம் இன்றைக்குப் புறாவுக்கு வைப்போமா என்று கேட்ட என் புத்தியை என்ன சொல்ல.

மதிலின் மேல் இலையை விரித்து, சோற்றை வைத்து, கையைத் தட்டி, "கா... கா... கா..." என்று கூப்பிட்டார். உரும்பிராய்க் குரல். எதிர் மலை அதைத் திருப்பிச் சொன்னது. நானும் சேர்ந்து கூப்பிட்டேன், மருமகன் கடமை. சின்னவன் போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். செப்டெம்பர் கடைசி. பழம் வெட்டுகிற கிழமை. கொடி வரிசைக்கு இரண்டு பக்கமும் நீல வலை கட்டியிருந்தது. ஏன் கட்டியிருக்கிறது என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் மிச்சம் எதுவும் நடந்திருக்காது. பறவை வரக்கூடாது என்று ஒரு பள்ளத்தாக்கே செலவழிக்கிற நேரத்தில், அதன் நட்டநடுவில் நின்று இரண்டு தமிழர் சோறு வைத்துப் பறவை கூப்பிடுகிறோம்.

டமார் என்று ஒரு வெடி.

பறவை கலைக்கிற வெடிதான். நானும் மாமாவும் ஒரே நேரத்தில் மதிலுக்குப் பின்னால் குனிந்துவிட்டோம். சின்னவன் நின்றபடியே நின்றான். "என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டான். வீடியோவில் அதுவும் இருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தால் வரிசைக்கு இடையால் ஒரு கிழவர் வருகிறார். நீலச் சட்டை, இடுப்பில் கொடி வெட்டுகிற கத்தரி. வந்து ஒரு நீள வசனம் சொன்னார். வாலிஸ்காரர் பேசுகிற ஜெர்மன் மற்ற சுவிஸ்காரருக்கே பாதிதான் விளங்கும், எனக்கு எந்தப் பாதியும் விளங்கவில்லை. சின்னவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான், "நீங்கள் வேணுமெண்டே பறவையைக் கூப்பிடுறீங்களா எண்டு கேக்கிறார்."

என் ஜெர்மனின் முழு வல்லமையும் அன்று வெளிப்பட்டது. இன்று சனிக்கிழமை. சனி ஒரு கிரகம். அந்தக் கிரகத்துக்கு ஒரு வாகனம் உண்டு. வாகனத்துக்கு என்ன சொல்வது என்று தேடி, அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "இந்தக் கறுப்புப் பறவை அந்தக் கிரகத்தின் கார்." என் மாமா விரதம், கார் வந்து சாப்பிட்டால்தான் மாமா சாப்பிடலாம்.

கிழவர் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். இலையில் இருந்த சோற்றைப் பார்த்தார். பிறகு இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பறிமுதல் என்று நினைத்தேன். இல்லை. தோட்டம் முடிகிற றோட்டோரம் ஒரு வாதுமை மரம், அதன் கீழே ஒரு கல்லில் வைத்துவிட்டு, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கை காட்டினார். காய் உடைத்துத் தின்ன அங்கே எப்போதும் வருமாம். ஐந்து நிமிடம் இல்லை. ஒன்று வந்தது. எங்கள் ஊர்க் காகத்துக்குச் சாம்பல் கழுத்து. இது முழுக்கக் கறுப்பு, இரண்டு மடங்கு உடம்பு. சோற்றைத் தொடவில்லை. எள்ளுருண்டையைத் தூக்கிக்கொண்டு போனது.

"எள்ளு எடுத்துட்டார்" என்றார் மாமா. அவர் கண் கலங்கியதா, ரோன் காற்றா என்று நான் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. மாமா திரும்பி வருகிற வழியில் ஒரு கொடிக்கு முன்னால் நின்று, இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். பழக்குலையை மறைத்த இரண்டு இலையை நகத்தால் கிள்ளி எடுத்தார். கிழவர் தடுக்கவில்லை, கிட்ட வந்து நின்று பார்த்தார். பிறகு இடுப்பில் இருந்த கத்தரியை எடுத்து நீட்டினார். மாமா அதை வாங்கி, கையில் தூக்கிப் பார்த்து, இரண்டு தரம் வெறுமனே திறந்து மூடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பத்து விரலை ஆறு தரம் விரித்துக் காட்டினார். உரும்பிராயில் அறுபது கொடி. கிழவர் வயது என்று நினைத்துவிட்டார். மாமாவின் தோளில் தட்டிச் சிரித்து, தன்னுடையதை எட்டுத் தரம் விரித்து, பிறகு ஒரு விரலைக் காட்டினார்.

"எண்பத்தொண்டு கொடிதானாம்" என்றார் மாமா என்னிடம். "பாவம், சின்னத் தோட்டம்."

95இல் அந்த அறுபதையும் விட்டுவிட்டு வந்தவர். திரும்பிப் போனபோது பந்தல் கம்பி கூட இருக்கவில்லை என்று மாமி ஒருதரம் சொன்னதுதான். இவர் வாயால் நான் கேட்டதில்லை.

நடக்கட்டும் நடக்கட்டும் என்றிருந்தால், ஒரு தடி வேண்டும் என்று கேட்டுவிட்டார். விரலால் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டி, நிலத்தில் ஊன்றிக் காட்டி. கிழவர் தலையை ஆட்டினார், இல்லை இல்லை என்று. இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டினார்.

"அவருக்கு நித்திரை வருது தம்பி. வயசாளி. நாங்கள் வெளிக்கிடுவம்."

வெளிக்கிடுவம் என்றவர் தடி கிடைக்கும் வரை அசையவில்லை.

போகிற வழியில் சயோனுக்கும் இறங்கினோம். இவளுக்குப் பார்க்க வேண்டுமாம். பழைய மதில், கோபுரம் எல்லாம் வடிவான கிராமம். மேலே குன்றில் மூன்றே மூன்று கொடியோடு ஒரு தோட்டம், உலகத்திலேயே சின்னது என்று பெயர். கள்ளக்காசு அடித்து ஏழைகளுக்குக் கொடுத்த, 1880இல் செத்துப்போன ஃபாரினே என்பவர் நினைவாக வைத்தது. 1999இல் தலாய் லாமாவுக்குச் சொந்தமாக்கினார்களாம். முழங்கால் நோவோடு மாமா ஏறி வந்து, மூன்றையும் எண்ணிப் பார்த்தார். "எங்கட கிணத்தடியிலேயே ஐஞ்சு நிண்டது. ஆரும் பாக்க வரேல்லை."

மாமாவை விமானம் ஏற்றி மூன்று கிழமை. தடி பல்கனியில் பாஸ்மதிப் பைக்குள் நின்றது. கறுத்துப் போனது. தினமும் வைபரில் பேரப்பிள்ளைகளை விசாரிக்க முதல், "தடி துளிர்த்ததோ?" முதல் கிழமை பாக்கிறம் என்றேன். இரண்டாம் கிழமை, ஓம் மாமா, ஒரு குருத்து என்று சொல்லிவிட்டேன். "காட்டுங்கோ" என்றார். வேறு வழி? தோட்டக் கடையில் 24 பிராங் 90க்கு ஒரு முந்திரிகைக் கன்று வாங்கி அதே பாஸ்மதிப் பைக்குள் நட்டேன். ஐந்து இலை, அதிலும் இரண்டு மஞ்சள்.

நேற்றிரவு காட்டினேன். கிட்டக் கொண்டுவரச் சொன்னார். இலையைத் திருப்பி அடிப்பக்கம் காட்டச் சொன்னார். இவள் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"தம்பி, இது அந்தக் கிழவன்ர சாதி இல்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பரவாயில்லை. தண்ணி கூட விடாதேங்கோ. அந்தத் தடியை எறிஞ்சு போடாதேங்கோ, என்ன? அவர் அண்டைக்கே கையால காட்டினவரெல்லே, அது நித்திரை எண்டு."

இரவு பதினொரு மணிக்குப் பல்கனியில் குப்பைப் பையைக் கொட்டித் தேடி எடுத்தேன். வெங்காயத் தோலுக்கும் தேயிலைத் தூளுக்கும் நடுவில் கிடந்தது. மேல்மாடிக் கிழவி எட்டிப் பார்த்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். திரும்பவும் முதலில் இருந்து கிரகம், கார் என்று தொடங்க எனக்குத் தெம்பில்லை.