ஈறு வீங்கினால் எல்லாமே பல் முளைப்பது இல்லை

கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, எச்சில் வடிந்து, சோற்றைத் தள்ளிவிட்டால் போதும், நம் வீடுகளில் ‘பல்லு முளைக்குது’ என்று முடிவு கட்டிவிடுவோம். இல்லையென்றால் ‘உடம்பு சூடு’. என் அக்கா மகளுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் பல் முளைப்பதால் நல்ல காய்ச்சல் அடிக்காது. அவளுக்கு ஈறு முழுக்கச் சிவந்து வீங்கி, துணியால் தொட்டாலே ரத்தம் கசிந்தது. அப்புறம் நாக்கிலும் உதட்டின் உள்பக்கத்திலும் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 என்ற வைரஸ் முதன்முதலாக உடம்புக்குள் வரும்போது சில குழந்தைகளுக்கு இப்படி ஆகும். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்கும் வயது அது. பல பேருக்கு வந்ததே தெரியாமல் போய்விடும். கை, கால், வாய் நோயிலும் வாயில் புண் வரும்தான், ஆனால் அதில் பொதுவாக ஈறு இப்படி வீங்காது, உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் இருக்கும்.

பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் தானே ஆறிவிடும். வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் அப்படித்தான். வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் என்ற மருந்து உதவும், ஆனால் முதல் 3 நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், அதனால் ‘பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். என்னைக் கேட்டால் புண்ணைவிடப் பயப்பட வேண்டியது நீர் வற்றுவதற்குத்தான், ஏனென்றால் வலியில் குழந்தை தண்ணீரைக்கூட விழுங்காது. மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்து, வலி கொஞ்சம் அடங்கியதும் குளிர்ந்த பால், இளநீர், ஆறின கஞ்சி என்று ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். புளிப்பு, உப்பு, காரம் வேண்டாம். ஆறேழு மணி நேரமாக மூத்திரமே போகவில்லை, வாய் வறண்டு சோர்ந்து கிடக்கிறது என்றால் ராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விரல் சூப்பும் குழந்தையாக இருந்தால் விரலுக்கும் கண்ணுக்கும் கூடப் பரவலாம். கண் சிவந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

புண் ஆறினாலும் வைரஸ் போகாது. முகத்து நரம்பின் முடிச்சில் தங்கிவிட்டு, காய்ச்சலோ வெயிலோ அலைச்சலோ வரும்போது உதட்டோரம் கொப்புளமாகக் கிளம்பும். பெரியவர்கள் பலரிடம் இருப்பது இதுதான். அந்தக் கொப்புளத்தோடு பச்சைக் குழந்தையை முத்தமிட்டால், முதல் ஒரு மாதத்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். பார்க்க வருகிறவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் சரி, வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.