காலை 11 மணிக்கு ஊர்க் கருத்து

எங்கள் கம்பம் பக்கம், தொழில்திறன் சொல்லித்தரும் ஒரு சமுதாயக் கல்லூரியில் 2035 வரைக்கும் திட்டம் போடுகிறார்களாம், கருத்துச் சொல்லக் கூப்பிட்டார்கள். உயர்கல்விச் சேர்க்கை 50 சதவீதம் ஆகணும் என்று தேசியக் கல்விக் கொள்கை வைத்த கெடு அந்த 2035. சரி, ஆனால் கூட்டம் காலை 11 மணிக்கு! கம்பத்துச் சனம் பாதி அப்போது குமுளி தாண்டி கேரளத்து ஏலத்தோட்டத்தில் அல்லவா இருக்கும், விடியுமுன் ஜீப் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்கும்.

காய்ச்சலில் வேலைக்குப் போகாத அக்கா ஒருத்தர் மட்டும் வந்திருந்தார், உருப்படியாகப் பேசியதும் அவர்தான். "எட்டு மில்லிமீட்டர் ஏலக்காய் எது, ஏழு எதுன்னு கண்ணாலயே பிரிப்பேன் சார், அதுக்கு ஒரு சர்ட்டிபிகேட் குடுங்க. மலையாளம் படிக்கவும் சொல்லிக் குடுங்க, சம்பளச் சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு தெரியணும்ல?"

சார் குறித்துக்கொண்டார். பென்சிலில்.

அடுத்த கூட்டத்தை ஞாயிறு சாயங்காலம் வைக்கச் சொல்லியிருக்கிறேன், வந்துவிடுங்கள்.