மைனருக்குச் சாமான் தேடுதல்

இணுவிலில் எங்கள் வீட்டு முற்றத்துக் கொட்டகையில் நிற்கும் மொறிஸ் மைனர் 1000 கார் என் தந்தையார் விட்டுச் சென்றது. அதில் இருப்பது 948 சீசீ இயந்திரம். அவர் அதை ஓட்டிய ஆண்டுகளில் பெரும்பகுதி போர்க்காலமாகவே கழிந்தது. 1990க்குப் பின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், குடாநாட்டு வீதிகளில் ஓடிய மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சிறு போத்தலில் காத்து வைத்த பெற்றோலில் சிறிதளவைக் கார்பரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை; எரியாமல் மிஞ்சிய பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, எண்ணெயின் பிடிப்பைக் குறைத்து, பெயாரிங்குகளைத் தேய்க்கும். அத்தனையையும் தாங்கிக்கொண்டு எங்களை வைத்தியசாலைக்கும் இடம்பெயர்வுக்கும் சுமந்த கார் இது என்பதால், இதை விற்பதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

நான் இதைக் கையேற்றபோது இயந்திரத்தைவிட நட்டுகளே என்னைக் கலங்க வைத்தன. மூலைகள் மழுங்கி உருண்டுபோன நட்டுகள் எங்கும் இருந்தன. கிடைத்த ஸ்பானரைக் கொண்டு கழற்ற வேண்டியிருந்த காலத்தின் தழும்புகள் அவை. மைனரின் நட்டுகளும் போல்ற்றுகளும் மில்லிமீற்றர் அளவில் செய்யப்பட்டவை அல்ல, அங்குல அளவில் செய்யப்பட்டவை. அரை அங்குல நட்டின் அகலம் 12.7 மில்லிமீற்றர், 13 ஸ்பானரை அதில் மாட்டினால் மாட்டும், ஆனால் இறுகிய நட்டில் பலம் கொடுத்ததும் மூலையை வழித்துக்கொண்டு சுழலும். 9/16 நட்டு 14.3 மில்லிமீற்றர், அதற்கு 14 உள்ளே போகாது, 15 வழுக்கும். 7/16க்கு 11 அநேகமாகப் பொருந்தும், 5/8க்கு 16 பொருந்தும். இந்தச் சில பொருத்தங்களைக் கண்டுதான் மற்றவையும் பொருந்தும் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள்.

ஆகவே பழைய ஆங்கிலக் கார் ஒன்றை வீட்டில் வைத்துப் பராமரிக்க நினைப்பவர் முதற்பணத்தை உதிரிப்பாகத்தில் அல்ல, அங்குல ஸ்பானர்களிலும் சொக்கெற்றுகளிலும் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. யாழ்ப்பாண நகரத்து இரும்புக் கடைகளில் இப்போது வருபவை பெரும்பாலும் மில்லிமீற்றர்த் தொகுதிகளே. எனக்குக் கிடைத்தவை மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், சைக்கிள் சட்டங்களுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தன. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்தபின் அவற்றில் பொறிக்கப்பட்ட எண்கள் தெரிந்தன. இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும்: விற்வேர்த் என்ற பழைய ஆங்கில மரை முறைக்குச் செய்த ஸ்பானர்களில் பொறித்திருக்கும் எண், நட்டின் அகலத்தையன்றிப் போல்ற்றின் தடிப்பைக் குறிப்பது. அம்முறையில் 1/4 என்று பொறித்த ஸ்பானரின் வாய் ஏறக்குறைய 13.3 மில்லிமீற்றர் அகலமானது. மைனருக்கென்று அதை வாங்கினால் மறுபடியும் மூலை மழுங்கும். காரிலுள்ள லூக்காஸ் நிறுவன மின்சாதனங்களின் சிறு திருகுகள் வேறொரு மரை முறையைச் சேர்ந்தவை என்பதால், அவற்றில் ஒன்றைக்கூடத் தொலைக்காமல் மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு வைப்பதே நல்லது.

ஸ்பானருக்கு அடுத்து நான் வாங்கியவை வேர்னியர் அளவி, இடைவெளி பார்க்கும் தகட்டுத் தொகுதி, கிறீஸ் கண், மல்ரிமீற்றர் ஆகியவை. வால்வு இடைவெளி 0.012 அங்குலம், பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம், பிளக்குக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பொயின்றின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை. தகட்டுத் தொகுதி ஒன்று இருந்தால் இம்மூன்றையும் ஒரு காலைப்பொழுதில் சரிசெய்து விடலாம். இயந்திரத் தலையின் நட்டுகளை 40 இறாத்தல்-அடிக்கு இறுக்கும் ரோர்க் ஸ்பானர் விலை கூடியது, வருடத்தில் ஒரு தடவைகூடத் தேவைப்படாதது. அதைக் கார் திருத்தும் கராஜிலிருந்து ஒரு நாளுக்கு இரவல் வாங்கிக்கொள்கிறேன்.

வேர்னியர் அளவியின் அருமையை எனக்குக் கற்பித்தவர் கோண்டாவிலில் லேத் வைத்திருக்கும் முதியவர் ஒருவர். முதல் தடவை அவரிடம் போய் “மைனரின் வோற்றர் பம்புக்கு ஒரு சாமான் வேணும் அண்ணை” என்று தொடங்கியபோது, அவர் வேலையை நிறுத்தாமலே சொன்னார்: “தம்பி, காரின்ரை பேர் எனக்கு வேண்டாம். அளவைக் கொண்டு வாரும்.” அன்று எனக்கு அது சற்று மனத்தாங்கலாகத்தான் இருந்தது. பின்னர் அந்தச் சொல்லே என் தேடலை முழுவதும் மாற்றியது. மைனரின் எண்ணெய்ச் சீல் என்று கேட்டால் எந்தக் கடையிலும் இல்லை என்பார்கள். தண்டின் விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்று மூன்று எண்களை எழுதிக் கொடுத்தால், தண்ணீர் இறைக்கும் மோட்டருக்கோ உழவு இயந்திரத்துக்கோ வந்த சீல் ஒன்று அதே அளவில் அலுமாரியிலிருந்து வெளிவரும். பெயாரிங்கின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண் உலகம் எங்கும் ஒன்றே. காற்றாடிப் பட்டிக்கு அகலமும் நீளமும் போதும். வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்தே வாழும் ஊரில் பம்புக் கடைகளுக்குக் குறைவில்லை. பழைய கார்க்காரர் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, படம் கீறி, அளவுகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். கார் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுதுவதுதான் இதில் முக்கியம். உடைந்த பின் அளந்தால் தேய்ந்ததைத்தான் அளப்போம்.

ஆனால் அளவு பொருந்தினால் மட்டும் போதாத இடமும் உண்டு. அது பிறேக். மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு, பின் சில்லு ஒவ்வொன்றிலும் ஒன்று என ஆறு சிறு சிலிண்டர்கள் உள்ளன. அவை எல்லாவற்றுக்கும் ஒரே குழாய்த் தொடர்தான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சில்லுகளிலும் பிறேக் இல்லை. சில வருடங்களுக்கு முன், கொழும்பில் ஒரு கடையில் வாங்கிய, பிறேக் எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் இறப்பர்க் கிண்ணங்களை ஆறு சிலிண்டர்களுக்கும் போட்டேன். பளபளப்பான உறை, சரியான அளவு, நியாயமான விலை. மூன்று மாதத்தில், கொக்குவில் சந்திக்குச் சற்று முன்னால், காலை வைத்த மிதி தட்டுவரை இறங்கிவிட்டது. கம்பியால் இயங்கும் கைப்பிறேக் தனியாக இருந்தபடியால் காரை மதிலோரமாக நிறுத்த முடிந்தது. அன்று காரில் என் தாயாரும் இருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தபோது இறப்பர் ஊதிப் பஞ்சுபோலாகியிருந்தது. பிறேக் எண்ணெயில் நிற்கக்கூடிய இறப்பர் வேறு, சாதாரண எண்ணெயில் நிற்கும் இறப்பர் வேறு. இரண்டாவது வகையை முதலாவது இடத்தில் போட்டால் அது எண்ணெயைக் குடித்து வீங்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது. அன்றிலிருந்து எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரு கிண்ணத்தை அளந்து, பிறேக் எண்ணெய் ஊற்றிய சிறு போத்தலில் ஒரு கிழமை ஊற வைத்து, மறுபடி அளந்து பார்க்கிறேன். வீங்கினால் அந்தப் பொதி முழுவதும் குப்பைக்குத்தான். பிறேக் மிதி அழுத்தும் மாஸ்ரர் சிலிண்டரைப் பொறுத்தவரை இந்தச் சோதனை இன்னும் கட்டாயமானது. அது சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே சட்டத்துக்குள் புதைந்திருக்கிறது. அதன் போல்ற்றுகளை உருவ, முன்சில்லுக்கு வில்லாக இருக்கும் முறுக்குக் கம்பி வழிவிடாது. ஒரு நாள் வேலையை மட்டமான இறப்பருக்காக இரண்டு தடவை செய்ய யாருக்கும் தெம்பிராது.

பாகங்கள் வரும் வழிகளைப் பற்றிச் சொல்வதானால், பிளக், பிளக் வயர், குழாய்க் கவ்வி, 20டபிள்யூ-50 எண்ணெய் போன்றவை யாழ்ப்பாண நகரத்து ஸ்ரான்லி வீதியிலேயே கிடைத்துவிடும். பழைய உலோகப் பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை. அங்கே தொலைபேசியில் கேட்டு வாங்குவதைவிட, பழைய பாகத்தைக் கையில் கொண்டு ஒரு தடவை நேரில் போய் வருவதே மலிவானது. இரவு பஸ்ஸில் ஏறினால் கடை திறக்கும்போது அங்கே நிற்கலாம். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இந்தியா கைகொடுக்கிறது. அம்பாசடர் கார் ஒக்ஸ்போர்டின் வழிவந்தது. அதில் நெடுங்காலம் இருந்த 1489 சீசீ இயந்திரம் இவர்களுடைய கார்கள் பலவற்றில் உள்ளதன் உடன்பிறப்பு. 2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றபோதிலும் தமிழ்நாட்டுக் கடைகளில் அதன் சாமான்கள் இன்னும் உள்ளன.

மைனர்க்காரருக்கு அந்த வழி இல்லை. எங்களுக்கு இங்கிலாந்துதான். மைனரின் இயந்திரம் 1951 தொடக்கம் 2000 வரை உற்பத்தியில் இருந்த குடும்பத்தைச் சேர்ந்தது, மினிக் காரின் இயந்திரமும் அதே குடும்பம். அதனால் வால்வு மூடியின் கஸ்கெற், தேமோஸ்ரற் போன்றவற்றை மினியின் பெயரிலேயே கேட்டு வாங்கலாம். இறப்பர்ப் பாகங்கள் பாரமற்றவை, ஒருவருடைய பயணப் பெட்டியின் மூலையில் அடங்கிவிடும். இங்கிலாந்திலிருந்து வந்தாலே தரமானது என்றும் எண்ணிவிடக் கூடாது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் இக்காலத்து ரோட்டர் ஆம்களில் நடுவில் ஆணி அடித்தவை, மின்சாரம் அந்த ஆணி வழியே தண்டுக்குப் பாய்ந்து, கார் சூடானதும் நடுவழியில் நின்றுவிடும். ஆணியில்லாத வகையைத்தான் கேட்க வேண்டும். புதுக் கண்டென்சர்களையும் அப்படியே நம்ப முடியாது. வேலை செய்யும் பழைய கண்டென்சர் இருந்தால் அதைக் கழற்றி எறியாமல் காரிலேயே வைத்திருங்கள்.

சில பாகங்களை ஊரிலேயே செய்விப்பதுதான் சிறந்தது. துருவில் குழிவிழுந்த பிறேக் சிலிண்டர்களைக் குடைந்து துருப்பிடிக்காத உருக்கில் உள்ளுறை போட்டுத் தருகிறார் அந்தக் கோண்டாவில் அண்ணை. ரேடியேற்றருக்குப் புதிது தேடுவதைவிட, பழைய பித்தளை ரேடியேற்றரைத் திறந்து சுத்தம் செய்து ஈயம் பற்ற வைப்பதே பொருத்தம். நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றரின் குழாய்களையும் அடைக்கும். கார்த்திகை மாரியில் பிடித்து மூடி வைத்த மழைத்தண்ணீரைத்தான் நான் ஊற்றுகிறேன்.

காருக்குக் கீழே போகிறவர்கள் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. ஜக்கை மட்டும் நம்பியோ, சீமெந்துக் கல் அடுக்கியோ கீழே படுக்காதீர்கள். துளையுள்ள கல் எந்த முன்னறிவிப்பும் இன்றி நொறுங்கும். பற்றவைப்புக் கடையில் நான்கு இரும்புத் தாங்கிகள் செய்வித்து வைத்திருக்கிறேன். சில்லுக்கு முட்டுக் கொடுக்க வைரம் பாய்ந்த பனங்குற்றி போதும். பற்றறியை இணைக்கும்போது, மைனரில் உடலோடு சேர்வது நேர்முனை என்பதை மறக்க வேண்டாம். பற்றறி மாற்ற வருகிற தம்பிமார் இக்காலக் கார்களின் பழக்கத்தில் மாற்றிப் பூட்டிவிடுவதுண்டு என்பதால், கம்பியின் மேலேயே சிவப்பு நாடா சுற்றி எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்போது முன்சில்லுகளைத் தாங்கும் ரனியன்களின் முறை வந்திருக்கிறது. இந்தக் காரின் மிகப் பலவீனமான இடம் அதுதான். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் சில்லு வெளிப்பக்கமாக மடிந்துவிடும். இடப்பக்கத்தில் ஆட்டம் தெரிகிறது, ஆகையால் காரைத் தூக்கித் தாங்கியில் நிறுத்திவிட்டேன். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரையின் திசை வேறு என்பதைத் தடித்த எழுத்தில் எழுதி, கொப்பியின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, லண்டனில் இருக்கும் பெறாமகனுக்கு அனுப்பியிருக்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு அவன் குடும்பத்தோடு வருகிறான். கொடியேற்றத்துக்கு முதல் நாள் பெட்டி திறக்கப்படும்.