ஷோர்ஹாமுக்குப் பிறகு பழைய போர் ஜெட்கள்

படைச் சேவை முடிந்த ஜெட் விமானங்களைப் பிரிட்டனில் தனியார் வாங்கிப் பறக்கவிடலாம். ஆனால் பயணிகள் விமானங்களுக்குரிய தகுதிச் சான்றிதழ் அவற்றுக்குக் கிடைப்பதில்லை, நிபந்தனைகளுடன் கூடிய பறப்பு அனுமதி மட்டுமே உண்டு.

2015 ஆகஸ்ட் 22 அன்று தென் இங்கிலாந்தின் ஷோர்ஹாம் வான்காட்சியில், 1950களில் தயாரான ஹாக்கர் ஹன்டர் என்ற பழைய போர் ஜெட் ஒன்று, செங்குத்தாக வட்டமடிக்கும் வளைய சாகசத்தின் உச்சியில் 3,500 அடியை எட்டியிருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 2,700 அடியை மட்டுமே எட்டி, மீண்டெழ உயரம் போதாமல் ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்ததில் 11 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர்கூட விமானத் திடலுக்குள் இருந்தவரல்லர். சிலர் அவ்வழியே வண்டியில் சென்றுகொண்டிருந்தவர்கள்.

உடனடியாக ஹன்டர்கள் பறக்கத் தடைவிதிக்கப்பட்டது; மற்றப் பழைய ஜெட்கள் நிலப்பரப்பின் மேல் சாகசம் செய்யாமல் வெறுமனே பறந்து கடக்க மட்டுமே அனுமதிக்கப்பட்டன. காட்சியின் சுவை குறைந்தது என்று விமான ஆர்வலர்கள் வருந்தினாலும், நுழைவுச்சீட்டு வாங்காத ஒருவர்மேல் அந்த ஆபத்தைச் சுமத்த எவருக்கும் உரிமையில்லை என்பதால், அக்கட்டுப்பாடு நியாயமானதென்றே கருதுகிறேன்.

அதே ஆண்டு அக்டோபரில் வல்கன் குண்டுவீச்சு விமானம் பறப்பதை நிறுத்தியதற்குக் காரணம் வேறு: தொழில்நுட்பப் பொறுப்பேற்றிருந்த நிறுவனங்கள் விலகிக்கொண்டன.